நான்காம் பொருள் முதற்பொருள் ஆன வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, களைத்துப்போய்ச் சற்று ஓய்வெடுத்தது, பிறகு பேரகராதி நிலையத்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் பயன் கருதிச் செய்யப்பட்ட வேலைகள். மூன்றாவதன்மேல் அப்படி ஒரு பழியை யாரும் போட முடியாது. தொடங்கிய இருபது ஆண்டுகளில் நிலையம் மொழியின் முதல் இரண்டு எழுத்துகளை முடித்திருந்தது. 'அ'வுக்குப் பதினாறு ஆண்டுகள், 'ஆ'வுக்கு நான்கே ஆண்டுகள். வேகம் கூடிவருகிறது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நிலையம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. கடையும் கட்டடமும் ஒருவருக்கே சொந்தம். அவர்தான் நிலையத்தின் புரவலர். படிக்கட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருக்கும். மறுபக்கம் ஒருவர் ஒருக்களித்து ஏறலாம். கீழே மெத்தை விற்பனையானது. மேலே அது பயன்பட்டது. ஒவ்வொரு நாற்காலியிலும் புரவலர் அன்பளித்த மாதிரித் துண்டு ஒன்று கிடந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நிலவிய அமைதியைப் பார்த்தவர்கள், ஆராய்ச்சி இவ்வளவு ஆழமாகவா நடக்கிறது என்று வியந்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

இந்த மாடியில் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். சரியாகச் சொன்னால், பதினேழு பேர் பதவி வகித்தார்கள். ஒருவர் வேலை பார்த்தார். அவரை எல்லோரும் 'தேர்வுக்காரர்' என்று அழைத்தார்கள். நிலையத்தின் சட்டப்படி நிரந்தரப் பணிக்குத் தேர்வு கிடையாது. தற்காலிகப் பணிக்குத்தான் தேர்வு உண்டு. வேலை செய்ய வேண்டியவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எவ்வளவு தீர்க்கமான ஏற்பாடு! பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானூறு பேர் எழுதிய தேர்வில் அவர் முதலாவதாக வந்தார். மதிப்பெண் தாளில் 'தகுதி வரிசை: 1' என்று போட்டு, முத்திரை குத்தி, அவருடைய கோப்பில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் தற்காலிகமாக இருந்தார்.

சேர்ந்த முதல் வாரமே பிழை திருத்துநர் அவரைத் தண்ணீர்க் குடத்துக்கு அருகில் ஓரங்கட்டினார்.

"நீங்க யாரோட ஆளு?"

"யாரோட ஆளும் இல்ல சார். பரீட்சை எழுதி வந்தேன்."

பிழை திருத்துநர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, சரி. சொல்லக்கூடாதுன்னா விட்டுடுங்க. அவ்ளோ பெரிய இடமா?"

தேர்வுக்காரர் மறுக்க மறுக்க அந்தப் 'பெரிய இடம்' வளர்ந்துகொண்டே போனது. பதினோரு ஆண்டுகள் யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை. அதற்காக நிரந்தரமும் ஆக்கவில்லை. ஆளே இவ்வளவு பெரிய இடமாக இருக்கும்போது நாம் என்ன செய்துவிட முடியும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. நாற்பத்தைந்து வயது முடிந்தவர் தற்காலிகப் பணியில் தொடர முடியாது. தேர்வுக்காரருக்கு இந்த மாதக் கடைசியில் நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் நிரந்தர ஆணை வந்தால் வேலை; வராவிட்டால் வீடு. ஆணையில் நிர்வாகக் குழு கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகக் குழு புரவலர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும்.

மாதத்தின் முதல் வாரத்தில் இயக்குநர் அவரை அழைத்தார்.

"முதல் தொகுதி அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. 'ஆதரவு'. புரவலர் அந்தப் பக்கத்த தானே நேர்ல பாக்கணும்னு சொல்லிட்டாரு. நல்லா செஞ்சு குடுங்க. அன்னிக்கே உங்க ஆணை விஷயத்தையும் மெதுவா காதுல போட்டுடறேன்."

தேர்வுக்காரர் கண் கலங்கிப்போனார். பதினோரு ஆண்டுகளில் இயக்குநர் அவரிடம் இவ்வளவு ஆதரவாகப் பேசியது இதுவே முதல் தடவை. அதை அப்படியே ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் பேச்சைக் குறிக்க விதியில்லை.

நிலையத்தின் விதிகளில் ஏழாவது மிகக் கண்டிப்பானது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எழுதினால், அந்தப் பொருளில் யாரோ உண்மையாகவே எழுதிய மூன்று வாக்கியங்களை எடுத்துக்காட்டாகத் தர வேண்டும். சொந்தமாகக் கற்பனை செய்யக்கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நீலச் சீட்டில் எழுதி, எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது, என்றைக்கு எழுதியது என்ற விவரத்தைக் கீழே குறிக்க வேண்டும். மூன்று சீட்டு கிடைக்காவிட்டால் அந்தப் பொருளைச் சேர்க்கக்கூடாது. கிடைத்துவிட்டால் விடக்கூடாது.

முதல் பொருளுக்கு அவர் படியிறங்கினால் போதுமாயிருந்தது. 'வாடிக்கையாளர் தொடர்ந்து வந்து வாங்குதல்' என்று எழுதி, கீழே கடை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசிலிருந்து மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று: 'தங்கள் பேராதரவால் எங்கள் மெத்தைகள் இன்று எல்லார் முதுகிலும் இடம்பிடித்துள்ளன.' இரண்டாவது, துன்பத்தில் இருப்பவருக்குத் துணை நிற்றல். மருத்துவமனைச் சுவரில் மூன்று வாக்கியங்கள் கிடைத்தன. மூன்றாவது, ஒரு கட்சியை மற்றொரு கட்சி தாங்கிப் பிடித்தல். அதற்குச் செய்தித்தாளில் மூன்றென்ன, முந்நூறு கிடைத்தது. ஒரே தலைவர் காலையில் அளித்ததையும் மாலையில் விலக்கிக்கொண்டதையும் சேர்த்தே ஒரு சீட்டை ஒப்பேற்றினார்.

நான்காவது பொருளில்தான் மாட்டிக்கொண்டார். 'தகுதி நோக்காது தன்னைச் சார்ந்தவர்க்குப் பதவி முதலியன கிடைக்கச் செய்தல்' என்று அழகாக எழுதிவிட்டார். வாக்கியத்துக்கு எங்கே போவது? உலகத்தில் எல்லோரும் செய்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டு யார் வைக்கிறார்கள்? பத்து நாள் அலைந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் கோப்பு அறையில் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கோப்புகளைக் காக்கும் அம்மாள் பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைத்தார்.

"என்னப்பா தேடறே?"

சொன்னார்.

"இதுக்கா ஊரெல்லாம் சுத்தினே? உன் முதுகுக்குப் பின்னாடி பீரோவுல பதினேழு இருக்கே. நம்ம ஆளுங்க எல்லாரோட கோப்புலயும் முதல் தாள் அதுதான். என்னோடதும் இருக்கு. எடுத்துக்கோ."

தேர்வுக்காரர் பீரோவைத் திறந்தார். அடடா! பதினேழு கடிதங்கள். எல்லாம் புரவலர் தம் கைப்பட எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டவை. ஒரு சொல்லாய்வாளனுக்கு வாழ்க்கையில் ஒரு முறைதான் இப்படிப் புதையல் கிடைக்கும். மூன்றைத் தேர்ந்தெடுத்து நீலச் சீட்டுகளில் எழுதினார்.

முதல் சீட்டு, பிழை திருத்துநருடையது: 'இவர் என் ஓட்டுநரின் மைத்துனர். கண் பார்வை சற்று மந்தம். உட்கார்ந்தபடி செய்யும் வேலை ஏதாவது கொடுத்து இயன்ற ஆதரவு தர வேண்டுகிறேன்.'

இரண்டாவது, தட்டச்சருடையது: 'என் தோட்டக்காரரின் மகள். விரல்கள் நீளமாக இருக்கின்றன. தட்டச்சுக்கு முழு ஆதரவு தரவும்.'

மூன்றாவது: 'இவர் என்னோடு சீட்டாடுபவர். தினமும் தோற்று மனம் ஒடிந்து கிடக்கிறார். ஒரு மாறுதலுக்காக இவரை இயக்குநராக அமர்த்தி ஆதரிக்க வேண்டுகிறேன்.'

சொல்லின் பொருள் ஒவ்வொன்றிலும் அப்படியே துலங்கியது. கீழே விதிப்படி கோப்பு எண், எழுதியவர் பெயர், தேதி எல்லாம் குறித்தார். அன்று மாலையே இயக்குநரின் மேசையில் சீட்டுக் கட்டை வைத்தார். இயக்குநர் வழக்கம்போலப் படிக்காமல் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, புரவலர் வரும் நாளில் குழுவின் முன் தாமே படித்துக் காட்டுவதாகக் குறித்துக் கோப்பு அறைக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மருத்துவமனைச் செவிலியர். தேர்வுக்காரர் தம் வெற்றியை விலாவாரியாகச் சொன்னார். கேட்கக் கேட்க இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றது.

"இருங்க. டைரக்டரோட லெட்டரையுமா எழுதினீங்க?"

"அதுதான் இருக்கறதுலயே நல்ல வாக்கியம். வினையா வருது பாரு, 'ஆதரிக்க'ன்னு."

"அத அவர் வாயாலயே எல்லார் முன்னாடியும் படிக்கப் போறாரு?"

"ஆமா. புரவலரும் இருப்பாரு." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கற இடத்துல அகராதிய வெச்சு அனுப்பிட்டானா? இந்த மாசம் தாண்டினா வேலை இல்ல. நாப்பத்தஞ்சு வயசுல உங்கள எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? அந்த நாலாவது அர்த்தம் இல்லேன்னா பாஷை செத்தா போயிடும்?"

"மூணு சீட்டு கிடைச்சா விடக்கூடாது. விதி ஏழு..."

"விதிதான்! என் தலைவிதி!" என்றார் மனைவி. சீருடையில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்துவிட்டது.

தேர்வுக்காரர் சாப்பிடாமல் ஓடினார். பஞ்சு மூட்டைகளில் இடித்துக்கொண்டு படியேறிக் கோப்பு அறைக்குள் நுழைந்து, சீட்டுக் கட்டைத் திருப்பிக் கேட்டார்.

"குடுத்த சீட்ட திருப்பி வாங்க முடியாதுப்பா," என்றார் அம்மாள், கம்பளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேணும்னா புரவலர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா."

ஆகவே, குறித்த நாளில், குறித்த நேரத்தில் 'பொருள் நிர்ணயக் குழு' கூடியது. புரவலர் வர அரை மணி இருந்தது. அதற்குள் ஒரு முறை படித்துப் பார்த்துவிடலாம் என்று இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். முதல் மூன்று பொருள்களும் எந்த எதிர்ப்பும் இன்றி, சில குறட்டைகளுடன், நிறைவேறின. நான்காவதை வாசித்தார். முதல் சீட்டை வாசித்தார். பிழை திருத்துநர் விழித்துக்கொண்டார். இரண்டாவதை வாசித்தார். தட்டச்சர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மூன்றாவதைக் கம்பீரமான குரலில் தொடங்கி, 'சீட்டாடுபவர்' என்ற இடத்தில் தடுமாறி, 'தினமும் தோற்று' என்ற இடத்தில் நின்றுபோனார்.

கீழே கடையில் யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கும் ஓசை மட்டும் கேட்டது. தேர்வுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எந்தக் காலை முதலில் எடுத்து வைத்து ஓடுவது என்று யோசித்தார்.

பிழை திருத்துநர்தான் முதலில் எழுந்தார். உதடு துடித்தது.

"இது அநியாயம் சார். எனக்கு 'இயன்ற ஆதரவு'. நேத்து வந்த பொண்ணுக்கு 'முழு ஆதரவு'. நான் எந்த விதத்துல குறைஞ்சு போயிட்டேன்?"

"எங்கப்பா முப்பது வருஷம் அவங்க தோட்டத்துல வெயில்ல நின்னாரு," என்றார் தட்டச்சர். "உங்க மச்சான் ஏசி கார்ல உக்காந்துட்டுப் போறாரு. கொடுக்கறதுல வித்தியாசம் இருக்காதா?"

நூலகர் மேசையைத் தட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும். என் லெட்டர் ஏன் வரல? அதுல 'உளமார்ந்த ஆதரவு'ன்னு இருக்கு. மூணு பேருத எடுத்தவர் என்னுத மட்டும் ஏன் விட்டார்? இதுக்குப் பின்னால யாரோட கை இருக்கு?"

அவ்வளவுதான். மற்ற பதின்மூன்று பேரும் எழுந்துகொண்டார்கள். பேரகராதியில் இடம்பெறும் பேறு மூவருக்கு மட்டும் எப்படிப் போகலாம்? ஒருவர் தம் கடிதத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். எடுத்து உரக்கப் படித்தார். அடக்க வேண்டிய இயக்குநரோ, 'தினமும் தோற்று' என்பதை 'சில சமயம் தோற்று' என்று மாற்ற விதியில் இடம் இருக்கிறதா என்று தேர்வுக்காரரின் காதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் புரவலர் உள்ளே வந்தார். பெரிய உடம்பு, சிறிய செருப்பு. எல்லோரும் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார்கள். அவர் மேசையில் இருந்த சீட்டுகளை எடுத்து, உதடு அசைய, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இது... நான் எழுதினதா?"

"ஆமாங்க," என்றார் இயக்குநர்.

"இவ்ளோ நல்லாவா எழுதியிருக்கேன்?" புரவலர் சீட்டுகளை இன்னொரு முறை படித்தார். "சின்ன வயசுல எங்க வாத்தியார் உனக்கு ஒரு வரி எழுத வராதுன்னு பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வெச்சாரு. இன்னிக்கு என் எழுத்து அகராதியில! கீழ என் பேர் வருமா?"

"விதிப்படி வந்தே ஆகணுங்க."

"நல்ல விதி. அதென்ன, 'தகுதி நோக்காது'ன்னு போட்டிருக்கு?"

இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அது உங்க மனசச் சொல்றதுங்க. தகுதி இருக்கா, இல்லையான்னு பாக்கமாட்டீங்க. மழை மாதிரி. எல்லார் மேலயும் பெய்யும்."

"மழை மாதிரி," என்று புரவலர் சொல்லிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு. இத ஏன் நாலாவதா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? முதல்ல போடுங்க. பதினேழு லெட்டரையும் போடுங்க. இடம் பத்தலேன்னா பக்கத்துல இருக்கற வார்த்தை எதையாவது எடுத்துடுங்க."

குழு ஒருமனதாக ஆராய்ந்து, 'ஆதங்கம்', 'ஆதாரம்' ஆகிய இரு சொற்களும் நீக்கப்படலாம் என்று முடிவு செய்தது. 'ஆதாயம்' இருக்கட்டும் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அது தப்பித்தது.

"இத எழுதின ஆளு யாரு?" என்றார் புரவலர்.

தேர்வுக்காரர் எழுந்து நின்றார். இயக்குநர் வாக்குத் தவறாதவர். உடனே காதில் போட்டார். "தற்காலிகமா இருக்காருங்க. பதினோரு வருஷமா. பரீட்சை எழுதி வந்தவர். இந்த மாசத்தோட வயசு முடியுது."

"பரீட்சையா?" புரவலருக்கு மனசு தாங்கவில்லை. "அடப் பாவமே! ஆளே இல்லாம, ஒரு லெட்டர்கூட இல்லாம, பதினோரு வருஷம் எப்படி இருந்தீங்க?" பேனாவை எடுத்தார். கிடைத்த நீலச் சீட்டு ஒன்றைத் திருப்பி எழுதினார். புதிதாகக் கற்ற சொற்றொடரைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை அவருடைய முகத்தில் தெரிந்தது.

'இவர் யார் என்று எனக்குத் தெரியாது. என் எழுத்தை நன்றாகப் பார்த்து எழுதுகிறார். தகுதி நோக்காது இவரை நிரந்தரமாக்கி ஆதரிக்க வேண்டுகிறேன்.'

எல்லோரும் கைதட்டினார்கள். பிழை திருத்துநர் அவரைக் கட்டிக்கொண்டார். "இப்பதான் சார் நீங்க எங்கள்ல ஒருத்தர்." தேர்வுக்காரருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி உண்மையும்கூட.

கோப்பு அறையில் அம்மாள் கடிதத்தை வாங்கித் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு முகம் சுளித்தார்.

"இந்த மார்க் தாள் இங்க இருக்கக்கூடாதுப்பா. நிரந்தரக்காரங்க படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான், 'யாருடைய கடிதம்'னு. ரெண்டும் இருந்தா தணிக்கைக்காரர் கேப்பாரு, இவர் எதுல வந்தாருன்னு. ஆணையே நின்னு போயிடும்."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே."

"ஆபீஸ் தாள் ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாது. கிழிக்கத்தான் கிழிக்கலாம். நீயே கிழிச்சுடு. என் கையால வேண்டாம்."

தேர்வுக்காரர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். நானூறு பேர் உட்கார்ந்து எழுதிய அந்தக் கூடமும், காய்ச்சலோடு எழுதிய கடைசிக் கேள்வியும் நினைவுக்கு வந்தன. வீட்டையும் நினைத்தார். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. தாளை முதலில் இரண்டாகவும், பிறகு நான்காகவும் கிழித்தார். அம்மாள் பதிவேட்டில் 'பணியாளரின் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஆணையை இரண்டு முறை படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு. நிறையவே இருக்கு," என்றார் அவர். "அதான் கஷ்டமா இருக்கு."

முதல் தொகுதி குறித்த நாளில் சிறப்பாக வெளிவந்தது. 'ஆதரவு' மட்டும் நான்கு பக்கம். முதற்பொருளின் கீழ் பதினெட்டு எடுத்துக்காட்டுகள். பதினெட்டாவது சீட்டைத் தேர்வுக்காரரே, ஒரு காற்புள்ளியும் மாற்றாமல், தம் கையால் எழுதிக் கொடுத்தார். நிலையம் இப்போது 'இ'யில் மும்முரமாக இருக்கிறது. 'தகுதி' என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுவோர் பொறுத்திருக்க வேண்டும். அந்த எழுத்து வந்தாலும் சொல்லைச் சேர்ப்பது கடினம் என்றே தெரிகிறது. விதி ஏழுக்கு விலக்கு கிடையாது; எழுத்தில் காட்ட வேண்டும். நிலையத்தின் கோப்புகளில் அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே உரியதாக இருந்தது ஒரே ஒரு தாள். அதைக் கிழித்தவர் அதற்கு உரியவரேதான்.